நாணயத்துச் சங்கிலியும் மலையகக் கவிதையும்

மலையகம் பற்றிய கவிதைகளைத் தொடர்ந்து வாசிப்போர் ஒரு சொல்லை அடிக்கடி சந்திப்பர். அது 'சங்கிலி'. சில வேளைகளில் 'விலங்கு' என்றும் 'தளை' என்றும் வரும். கவியரங்குகளில் அது அறுபடும் இடத்திற் கைதட்டல் எழுவது உறுதி. முதலாம் ஆண்டில் அத்தகைய கவிதையொன்றை எழுதிக் கைதட்டலும் பெற்றவன் என்ற வகையிலேயே இக்குறியீட்டை இங்கு விசாரணைக்கு எடுத்துக்கொள்கின்றேன். பதுளைத் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்து வளர்ந்த நான் அங்கு எவர் வாயிலும் சங்கிலி என்ற உவமையைக் கேட்டதில்லை. அவ்வாறாயின் அது எங்கிருந்து வந்தது?

அதன் பிறப்பிடங்களுள் ஒன்று கைக்கடக்கமான உலோக வில்லையாகும். 1787இல் இங்கிலாந்தில் அடிமை வாணிபத்தை எதிர்த்தோர் அமைத்த குழுவின் முத்திரையை மட்பாண்டத் தொழிலதிபர் ஜொசாயா வெஜ்வுட் பதக்கமாக வார்த்துப் பரப்பினார். முழந்தாளிட்ட கறுப்பு மனிதன். கைகளிலும் கால்களிலும் சங்கிலி. தானும் மனிதனும் உடன்பிறந்தோனும் அல்லனோ என்ற வினா. 1790களிற் செப்பு அடையாளக் காசுகளில் இவ்வுருவம் பொறிக்கப்பட்டுக் கடைத்தெருவரை சென்றது. 1838இல் அமெரிக்காவிற் பெண்ணுருவத்துடனும் அது வெளிவந்தது. கல்வியறிவு பெறாதவனின் கைக்கும் செல்வது காசு. ஆதலால் அவ்வியக்கத்தினர் பிரசுரத்தோடு நின்றுவிடாது காசையும் கையாண்டமை கூர்மையான அரசியலறிவாகும். ஆயினும் அவ்வுருவிற் சங்கிலி பூண்டவன் இரந்து நிற்கின்றான். அறுக்க வேண்டியவன் காசைக் கையில் வைத்துப் பார்ப்பவனே. இக்குறையை நம் கவிஞர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு நாணயம் இதனினும் சுவையானது. 1793 மார்ச்சில் ஐக்கிய அமெரிக்காவின் நாணயசாலை வெளியிட்ட ஒரு சத நாணயத்தின் ஒருபுறம் சுதந்திர தேவியின் தலை. மறுபுறம் பதினைந்து கண்ணிகள் கொண்ட சங்கிலி. பதினைந்து மாநிலங்களின் ஒற்றுமையை அச்சங்கிலி குறிப்பதாக அமைத்தவர்கள் கருதினர். கண்டவர்களோ சுதந்திரத்தின் முதுகிலேயே விலங்கா என நகைத்தனர். ஏறத்தாழ 36,000 நாணயங்களோடு அவ்வமைப்புக் கைவிடப்பட்டு, அதே ஆண்டிற் சங்கிலியின் இடத்துக்கு இலைமாலை வந்தது. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து உடையவரிடம் ஒப்படைக்கும் சட்டம் அந்நாட்டில் நிறைவேறியதும் 1793 பெப்ரவரியிலேயே என்பது மனங்கொள்ளத்தக்கது. சங்கிலியை நாணயத்திலிருந்து அகற்றுவது அவர்களுக்கு எளிதாயிற்று.

யாப்பிலக்கணம் பயின்றோர்க்கு இவ்விருபொருண்மை புதிதன்று. தளை என்பது விலங்கு. சீரும் சீரும் பிணைவதும் தளையே. (வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடுகளுள் ஒன்று 'காசு' என்பதையும் இவ்விடத்தில் நினைத்துச் சிரிக்கலாம்.) ஆகவே சங்கிலி எனும் குறியீட்டிற்குத் தன்னளவில் நிலைத்த பொருளில்லை. யாருடைய கை எதனால் எதனோடு பிணைக்கப்பட்டது என்பதே பொருளைத் தரும்.

இனி நம் பக்கம் வருவோம். இலங்கையில் அடிமைமுறை 1844இற் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. கோப்பித் தோட்டங்கள் பெருகி, தமிழகத்திலிருந்து மக்கள் வந்து குவிந்ததும் அக்காலத்திலேதான். 1870 எனப் பொறிக்கப்பட்டு, 1872இற் சதக்கணக்கு நடைமுறைக்கு வந்தபோது வழங்கிய செப்புக் காசுகளில் அரசியின் தலையும் பனையின மரமொன்றும் உண்டு, சிங்களத்தோடு தமிழெழுத்தும் உண்டு, சங்கிலி இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை, ஏனெனில் அக்காசே பிணைத்தது. ஊரிற் கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, தோட்டத்தில் வாங்கிய அரிசி யாவும் கடனாக ஏறின. வேறு தோட்டத்துக்குச் செல்வதாயின் கடன் தொகை குறித்த 'துண்டு' வேண்டும். புதிய தோட்டம் அதனைச் செலுத்தியே ஆட்களைப் பெறும். வேலைக்கு இறங்கிய ஆட்களைத் தலைக்குத் தலை எண்ணிக் கங்காணிக்குக் கிடைத்தது 'தலைக்காசு'. இச்சொல்லை நம் கவிஞர் எவரும் ஏன் எடுத்தாளவில்லை என்பது எனக்கு வியப்பு.

காசைப் போன்றதொரு தகர வில்லையும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் புகுத்தப்பட்ட தகர டிக்கெட் முறையில், தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் குத்திய வில்லை வருபவரின் கழுத்தில் தொங்கவிடப்பட்டது. மண்டபம் முகாமிலிருந்து தனுஷ்கோடி, தலைமன்னார் வழியாக ஊவா மலைக்குச் செல்பவரை அந்த எண்ணே சேர்க்குமிடம் சேர்த்தது. பயணச் செலவு தோட்டத்தின் பெயரில் எழுதப்பட்டு ஈற்றில் அவரது கடனாயிற்று. வெஜ்வுட்டின் பதக்கத்தில் மனிதவுருவம் இருந்தது. இத்தகரத்தில் எண் மாத்திரமே.

குறியீடு மெய்ம்மையின் படியாக இருக்கவேண்டியதில்லை, சங்கிலி என்றால் அடக்குமுறை என எவர்க்கும் விளங்கும், அது போதாதா என்று நண்பர்கள் வினவுவர். விளங்குகிறது என்பதே என் குறையும். சங்கிலி ஓரிடத்தில் அறும். அறுந்தபின் கவிதை முடியும். துண்டு முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதனோடு கடன் ஒழியவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியபோது எந்த இரும்பும் ஒலிக்கவில்லை, காகிதமே போதுமாயிருந்தது. 1,000 ரூபா நாட்சம்பளத்துக்கு 2015 முதல் நடந்த இழுபறி 2021இல் வர்த்தமானியில் முடிந்தபோதும் கொழுந்தின் நிறை குறைந்தால் கணக்குக் குறைந்தது. உடைகின்ற ஓசையில்லாத இத்தகைய பிணைப்பைச் சொல்ல, உடைவதற்கென்றே பிறந்த உவமை உதவாது.

தோட்டத்து மொழி இவ்விடயத்தில் நம்மை முந்திவிட்டது. அங்கு 'பேர்' என்றால் ஒருநாள் வேலைக்கான கூலிக் கணக்கு. நிறை குறைந்தவளுக்கு 'அரைப்பேர்'. தகரத்தில் எண்ணாக வந்தவருக்குப் பெயரே நாட்கூலியின் அலகாக மாறியது. "இன்னிக்குப் பேர் கெடைக்கல" என்று மலையிலிருந்து இறங்கிவரும் அப்பாயி சொல்வதைச் சிறுவயதில் நூறு தடவை கேட்டிருப்பேன். முதலாம் ஆண்டிற் கவிதை எழுத அமர்ந்தபோது அது என் நினைவுக்கு வரவேயில்லை. சங்கிலிதான் வந்தது.