தோற்ற கதையில் சதம் அடிப்பவர்

கடந்த 2025 ஆகஸ்டில், சியாட்டில் நகரில் நடந்த வேர்ல்ட்கான் என்ற உலக அறிவியல் புனைகதை மாநாட்டு மேடையில், 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினை நோக்கி ஒரு பவுன்சர் வந்தது. கேள்வி நேரம். ஒருவர் மைக்கைப் பிடித்தார். உங்களுக்கோ வயதாகிவிட்டது, மிச்சக் கதையைப் பிராண்டன் சாண்டர்சன் மாதிரி யாரிடமாவது ஒப்படைத்தால் என்ன என்கிற தொனியில் கேட்டுவிட்டார். (ராபர்ட் ஜோர்டன் இறந்த பிறகு அவருடைய நெடுந்தொடரை முடித்துக் கொடுத்தவர் சாண்டர்சன்.) எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு வயது 76. அவர் பதில் சொல்வதற்குள் அரங்கமே கேட்டவரைப் பார்த்துக் கூச்சல் போட்டது.

இந்தப் பத்தியில் வழக்கமாக மட்டையையும் பந்தையும் அலசுவோம். இந்த வாரம் மைக். எழுத்தாளர் மேடையேறுவதும் ஓர் ஆட்டம்தான். அதற்கும் ஃபார்ம் உண்டு, ஆடுகளம் உண்டு, சொதப்பலும் உண்டு. அன்று மார்ட்டினுக்காக ஃபீல்டிங் செய்தது அரங்கம். அவருடைய தொடரின் ஐந்தாம் புத்தகம் வந்தது 2011இல். ஆறாவதற்காக அதே அரங்கத்தில் எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்! ஆனாலும் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. ஏன் என்று பார்க்க அரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டும்.

மார்ட்டின் எழுத்தாளராகி மாநாட்டுக்கு வந்தவர் அல்ல, ரசிகராக வந்து எழுத்தாளர் ஆனவர். 1963இல் பள்ளிப் பையனாக காமிக்ஸ் பத்திரிகைக்கு வாசகர் கடிதம் எழுதினார், அது அச்சிலும் வந்தது. 1964இல் நியூயார்க்கில் நடந்த முதல் காமிக்ஸ் மாநாட்டுக்கு முதல் டிக்கெட் வாங்கியது நான்தான் என்று இன்றும் பெருமையடிப்பார். மேடைக்குக் கீழே உட்கார்ந்து பழகியவருக்குத்தான் கீழே இருப்பவருக்கு எப்போது கொட்டாவி வரும் என்று தெரியும்.

இந்த மாநாடுகளின் 'பேனல்' எப்படி என்றால், நீள மேசை, நாலைந்து எழுத்தாளர்கள், ஓர் ஒருங்கிணைப்பாளர், ஏறக்குறைய ஒரு மணி நேரம். நம் பட்டிமன்றம் மாதிரிதான், தீர்ப்பு மட்டும் கிடையாது. பல எழுத்தாளர்கள் முதல் ஐந்து நிமிடத்திலேயே அவுட் ஆகிவிடுவார்கள். தன் புத்தகத்தின் அட்டை தெரிகிற மாதிரி மேசையில் நிறுத்தி வைத்துவிட்டு, எந்தக் கேள்வி வந்தாலும் அதிலேயே வந்து முடிப்பார்கள். மார்ட்டின் அவசரப்பட மாட்டார். மாலுமித் தொப்பி, சஸ்பெண்டர், மெதுவான குரல். டெஸ்ட் மேட்ச் ஆட்டக்காரர். அவரிடம் உள்ள ஷாட்கள் அதிகம் இல்லை. எழுத்தாளர்களில் கட்டடக் கலைஞர், தோட்டக்காரர் என்று இரண்டு வகை, நான் விதை போட்டுவிட்டு என்ன முளைக்கிறது என்று பார்க்கிற தோட்டக்காரன் என்பது அதில் ஒன்று. எத்தனை முறை ஆடியிருப்பார் என்று எண்ண முடியாது. புத்தகம் எப்போது வரும் என்ற பந்தை இப்போதெல்லாம் தொடாமல் விட்டுவிடுகிறார். சில சமயம், வராத புத்தகத்திலிருந்தே ஓர் அத்தியாயத்தை வாசித்துக் காட்டுவார். 2016இல் பால்ட்டிமோர் மாநாட்டில் அப்படித்தான் செய்தார். அரங்கம் சொக்கிப்போனது. தேதி கேட்க வந்தவனைத் தேதியை மறக்க வைக்கிற வித்தை அது.

அவருடைய உண்மையான ரன்கள் வருவது வேறு பக்கத்திலிருந்து. தோற்ற கதைகளிலிருந்து.

1973இல் புதிய எழுத்தாளருக்கான ஜான் டபிள்யூ. கேம்பெல் விருது முதன்முறையாக வழங்கப்பட்டது. பட்டியலில் மார்ட்டின் பெயர் இருந்தது. விருது ஜெர்ரி பூர்னெலுக்குப் போனது. 1976இல் கான்சாஸ் சிட்டி வேர்ல்ட்கானில் ஒரே இரவில், அந்த மாநாட்டில் வழங்கப்படும் ஹியூகோ விருதுகளில் இரண்டைக் கோட்டைவிட்டார். ஒன்றை லாரி நிவன் கொண்டுபோனார், இன்னொன்றை ரோஜர் ஸெலாஸ்னி. அன்றிரவு அவரும் நண்பர் கார்ட்னர் டோஸ்வாவும் மற்ற விருந்துகளில் மிஞ்சிய சரக்கைத் திரட்டிக்கொண்டு வந்து, ஓட்டல் அறையில் தோற்றவர்களுக்கென்று ஒரு விருந்து வைத்தார்கள். ஜெயித்தவன் வந்தால் கேலி நிச்சயம். அது ஒரு மரபாகவே ஆகிவிட்டது. 1980இல் பாஸ்டனில் ஒரே இரவில் இரண்டு ஹியூகோ வாங்கினாரே, அதைப் பற்றி இவ்வளவு ரசித்துப் பேச மாட்டார். தன் புத்தகத்தில் கையெழுத்து வாங்க ஓர் ஊரில் ஒருவர்கூட வராமல், கடையில் இருந்த நாலு பேரும் எழுந்து போனதால் அன்றைய கூட்டம் 'மைனஸ் நாலு' என்று அவர் சொல்கிற கதை இருக்கிறதே, அதற்கு விழுகிற சிரிப்பு டிராகன் கதைக்கு விழுவதில்லை.

பிரச்சினை எங்கே? தோற்றவன் இடத்திலிருந்து பேசியே பழகியவர், தான் இப்போது ஊரிலேயே பெரிய பணக்காரர் என்பதைச் சில சமயம் மறந்துவிடுகிறார். 2019இல் டப்ளின் வேர்ல்ட்கானின்போது கின்னஸ் ஸ்டோர்ஹவுஸில் அந்த விருந்தை வைத்தார். கூட்டம் மிஞ்சி, அந்த ஆண்டு தோற்றவர்களில் சிலர் வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. தோற்றவர்கள் விருந்தில் தோற்றவருக்கே இடமில்லை!

பெரிய சரிவு அடுத்த ஆண்டு. 2020 வேர்ல்ட்கான் வெல்லிங்டனில் நடக்க வேண்டியது, கொரோனாவால் இணையத்துக்குப் போனது. ஹியூகோ விழாவின் தொகுப்பாளர் மார்ட்டின். ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். பெரும்பகுதி முன்கூட்டியே பதிவு செய்தது. நான் பார்த்த வரையில் அவர் ஆடிய மோசமான இன்னிங்ஸ் அதுதான். பழங்கதை மேல் பழங்கதை, அதில் கேம்பெல் பெயர் திரும்பத் திரும்ப. முந்தைய ஆண்டு டப்ளினில் அந்தக் கேம்பெல் விருதை வாங்கிய எழுத்தாளர் ஜானெட் இங், பழைய பத்திரிகை ஆசிரியரான கேம்பெலை ஃபாசிஸ்ட் என்று மேடையிலேயே சாடி, அதன் விளைவாக விருதின் பெயரே மாறியிருந்தது. இவர் தொகுத்த அதே விழாவில் இங்கின் அந்த உரைக்கே ஒரு ஹியூகோ! போதாக்குறைக்கு, போட்டியில் இருந்தவர்கள் பலரின் பெயர்களை அவர் தப்பாக உச்சரித்தார். அமைப்பாளர்களும் மன்னிப்புக் கேட்டார்கள், அவரும் கேட்டார்.

கெட்ட எண்ணம் என்று நான் சொல்ல மாட்டேன். 1973இல் தான் தோற்ற விருதுக்குக் கேம்பெல் பெயர். அவருக்கு அது இளமைக்கால நினைவு. ஆனால் தொகுப்பாளர் விக்கெட் கீப்பர் மாதிரி. நல்ல கீப்பர் இருப்பதே தெரியாது. இவரோ பந்துக்குப் பந்து மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். எதிரே கேமரா மட்டும். சிரிப்பில்லை, இருமலில்லை, நாற்காலி நகரும் சத்தமில்லை. எப்போது நிறுத்த வேண்டும் என்று அவருக்குச் சொல்லித் தருகிற அரங்கம் அன்று இல்லை.

அவருடைய சிறந்த ஆட்டம் எது என்று கேட்டால், மாநாடே அல்லாத ஒரு மேடையைச் சொல்வேன். 2016 ஜூன், அல்புகர்க்கி நகரம். திகில் கதை எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் புத்தகப் பயணத்தில் ஒரு நிறுத்தம், மேடையில் இருவர் மட்டும். ஊர் முழுக்கத் தன்னிடம் கேட்கும் கேள்வியை மார்ட்டின் கிங்கின் பக்கம் திருப்பிவிட்டார். எப்படி ஐயா இவ்வளவு வேகமாக எழுதுகிறீர்கள்? நாளைக்கு ஆறு பக்கம் என்றார் கிங். ஒரு வரி எழுதி, அது பிடிக்காமல் போய், மெயிலைப் பார்த்து, பேசாமல் பிளம்பராகப் போயிருக்கலாமோ என்று நினைக்கிற நாள் உங்களுக்கு வந்ததே இல்லையா என்றார் மார்ட்டின்.

இல்லை என்றார் கிங்.