வடிவ ஒப்புமைக்கு அப்பால்: கீறல் குறியீடுகளின் மின்னாக்கம் குறித்த ஒரு மதிப்பீடு

சிந்துவெளிப் பண்பாட்டுக் கண்டுபிடிப்பின் நூற்றாண்டையொட்டித் தமிழ்நாடு தொல்லியல் துறை 2025 சனவரியில் வெளியிட்ட கா. ராஜன், இரா. சிவானந்தம் ஆகியோரின் வடிவவியல் ஆய்வு, 140 தொல்லிடங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 15,000 பானையோட்டுக் கீறல்களை மின்னாக்கம் செய்துள்ளது. அவற்றை 42 அடிப்படைக் குறிகள், 544 திரிபுகள், 1,521 கூட்டுக்குறிகள் என வகுத்து, குறிகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்குச் சிந்துவெளி வரிவடிவங்களில் இணைகள் உண்டு என்கிறது. பல அகழாய்வு அறிக்கைகளில் சிதறிக் கிடந்த தரவுகளை ஒரே வகைப்பாட்டின்கீழ்க் கொணர்ந்தது இதன் நிலைத்த பயன். ஆயினும் அவ்விழுக்காடு எதற்குச் சான்றாகும் என்பது ஆராயத்தக்கது.

பெருக்கற்குறி, ஏணி, அம்பு போன்ற எளிய வடிவங்கள் தொடர்பற்ற சமூகங்களிலும் தனித்தனியே தோன்றக்கூடியவை. மேலும், எதைத் தனிக்குறி, எதைத் திரிபு எனக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்து விழுக்காடும் மாறும். எனவே வடிவ ஒப்புமை தொடர்பைச் சுட்டலாம். தனித்து நின்று அதனை நிறுவாது.

இவ்விடத்தில் ஆண்டிசு மலைநாட்டு இன்காக்களின் 'கீப்பு' எனும் முடிச்சுக் கயிறுகள் குறித்த ஆய்வு ஒப்புநோக்கத்தக்கது. முடிச்சின் வகையோடு, கயிற்றில் அது அமைந்த இடமும் சேர்ந்தே பதின்ம எண்ணைக் குறிக்கிறது என்பதை லெலண்ட் லாக் 1912இல் விளக்கினார். பின்னர் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் கேரி அர்ட்டன் உருவாக்கிய தரவுத்தளம் முடிச்சுகளோடு கயிற்றின் நிறம், முறுக்கு, வரிசை ஆகியவற்றையும் பதிவு செய்தது. அங்கு ஆய்வுக்கு வழிதிறந்தது வடிவம் மட்டுமன்று. வடிவமும் இடமும் சேர்ந்த பதிவே.

நமக்கும் இம்முறை புதிதன்று. ஐராவதம் மகாதேவன் கணினி உதவியுடன் தொகுத்து 1977இல் வெளியிட்ட சிந்துவெளி எழுத்துத் தொடரடைவு, 417 குறிகளை வரிசையிடம், தொல்லிடம், பொருள்வகை ஆகியவற்றோடு இணைத்துக் காட்டியது. கீறல்களுக்கும் அத்தகைய அடைவு வேண்டும். சிவகங்கை மாவட்டக் கீழடியில் கீறல் குறியீடுகளும், 'ஆதன்' போன்ற பெயர்கள் தாங்கிய தமிழி எழுத்துகளும் கிடைத்துள்ளன. எழுத்தறிந்த ஊரில் குறியீடு எதற்குப் பயன்பட்டது? பானை சுடப்படும் முன் கீறப்பட்டதெனில் குயவரையும், சுட்டபின் எனில் பயன்படுத்தியவரையும் கருதலாம். மண்ணடுக்கு, கலத்தின் வகை, கீறப்பட்ட இடம், வாழ்விடமா ஈமக்காடா என்பன ஒவ்வோர் ஓட்டுக்கும் பதிவாகி, எவரும் மீளச் சோதிக்கும் வகையில் திறந்திருக்குமானால், சிந்துவெளித் தொடர்பு குறித்த வாதம் உடன்பாடாயினும் மறுப்பாயினும் உறுதியான அடித்தளம் பெறும்.