சாய்ந்து நிற்கும் சிப்பாய்: சேத விதிகளை வாசித்தல்

எச்.ஜி. வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்றொரு சின்னப் புத்தகம் எழுதினார். ஈயச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்தி, ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் சுட்டு ஆடும் போர் விளையாட்டுக்கான விதிநூல் அது. குண்டு பட்டு விழுந்தவன் செத்தான். இதில் சிக்கல் இல்லை. விழாமல் எதன் மேலோ சாய்ந்து நிற்கிறானே, அவன்? தாங்குவதை எடுத்துவிட்டால் விழுவான் என்றால் அவனும் செத்தவனே என்கிறார் வெல்ஸ். பட்டும் அசையாமல் நிற்பவன்? அந்தக் குண்டு ஏற்கனவே வேறொருவனைக் கொன்றிராவிட்டால் செத்தான், கொன்றிருந்தால் பிழைத்தான். எதிலோ தெறித்து, உருண்டு வந்து காலடியைத் தொட்ட குண்டும் கொல்லும். இந்த விதிகளை ஒரு பிரதியாக வாசித்தால், ஒவ்வொரு நிபந்தனையும் ஒரு சண்டையின் தழும்பு என்று தெரியும். 'எங்காளு இன்னும் நிக்கிறான்ல?' என்று யாரோ மல்லுக்கு நின்றிருக்க வேண்டும்.

சேதத்தை எண்ணாக்கும் வேலை வெல்ஸுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1824இல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட 'கிரீக்ஸ்பீல்' வரைபடம், பகடை, இழப்பு அட்டவணை, நடுவர் எல்லாவற்றையும் ஒன்று சேர்த்தது. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற இன்னொரு பிரஷ்யர், அட்டவணையையும் பகடையையும் ஒதுக்கிவிட்டுப் போரை அறிந்த நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். விதியா, விதியை வாசிப்பவரா என்ற தகராறு ராணுவத்துக்கும் புதிதல்ல. 1987இல் வந்த 'வார்ஹேமர் 40,000' ஆடுகிறவர்கள் இன்றும் 'எழுதியிருப்பது', 'எண்ணியது' என்று இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். ஒத்துவராவிட்டால் பகடையை உருட்டி முடிவு செய்துகொண்டு ஆட்டத்தைத் தொடரும் வழக்கத்தை அதன் விதிநூலே கற்றுக்கொடுத்தது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. இருவரும் விரும்பி ஆட வந்தவர்கள். இருவர் பொம்மையும் பலகையில் நிற்கிறது. விதி மயங்கினால் இன்று எனக்கு நட்டம், நாளை உனக்கு.

இதை விருதுநகர் மாவட்டத்தை முன்வைத்து எழுதக் காரணம் இருக்கிறது. போரை விளையாட்டுச் சாமானாகச் சுருக்கி நாடு முழுக்க அனுப்புகிற பூமி இது. ராக்கெட், புல்லட், அணுகுண்டு. (பிள்ளைகள் வாயில் அது 'ஆட்டம்பாம்', தமிழ்க் காதுக்கு அதில் ஆட்டமும் கேட்கும்.) இவற்றைச் செய்யப் பயர் ஆபீசுக்குப் போகிற பெண்ணின் உடம்புக்கும் ஒரு சேத அட்டவணை உண்டு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை. கட்டைவிரல் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுதும் 14, நடுவிரல் 12, மோதிரவிரலோ சுண்டுவிரலோ 7. எலும்பு போகாமல் ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் 5. இரு கைகளும் போனால் 100. உடலைத் துண்டாடுவது பற்றி நாம் எழுதிக் குவித்த கவிதைகள் எதிலும் இவ்வளவு குளிர்ச்சி இல்லை.

ஆனால் மருந்துத் தீ விரலைக் கணக்காக வெட்டி எடுப்பதில்லை. சுடுகிறது. செலுத்தும்போது உராய்வில் பற்றுகிறது. கைத் தோல் வேகிறது. புண் ஆறும்போது தோல் சுருங்கி, விரல்கள் உள்ளங்கையோடு மடங்கி நின்றுவிடுகின்றன. எண்ணிப் பார்த்தால் பத்தும் இருக்கும். 'வெரலு இருக்குல்ல, அப்புறமென்ன?' என்று கேட்பவருக்கு அட்டவணையின் எழுத்து துணை நிற்கிறது. வெல்ஸின் சாய்ந்து நிற்கும் சிப்பாய் இவள்தான். சட்டத்துக்கும் இது தெரியாமல் இல்லை. அட்டவணையின் அடியில் ஒரு குறிப்பு போட்டிருக்கிறது: ஓர் உறுப்பின் பயன்பாடு முற்றிலுமாக, நிரந்தரமாகப் போய்விட்டால் அந்த உறுப்பையே இழந்ததற்குச் சமம். நல்லது. அந்த 'முற்றிலும்' என்பதை யார் வாசிப்பது? சோற்றை அள்ள முடிகிறது, திரியைப் பிடித்துச் சரம் பின்ன முடியவில்லை என்றால் அது முற்றிலுமா, இல்லையா? முகத்துக்கும் இதே கதி. 'மிகக் கடுமையான' முகச் சிதைவு 100 சதவீதம். வெறும் கடுமையான சிதைவுக்கு வரியே இல்லை. ஒரு 'மிக'வில் ஒரு குடும்பத்தின் வருங்காலம் தொங்குகிறது. அட்டவணையில் இல்லாத காயத்துக்கு மருத்துவர் சதவீதம் போட வேண்டும் என்பது ஏற்பாடு. வெர்டி டு வெர்னுவாவின் நடுவர் இப்படி உள்ளே வருகிறார். போரை அறிந்த நடுவர் என்றார் அவர். சரம் பின்னுவதை அறிந்த மருத்துவர் எத்தனை பேர்?

2021 பிப்ரவரியில் அச்சங்குளம் ஆலை வெடித்த பிறகு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வேறோர் அளவுகோல் வகுத்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம்; 50 சதவீதத்துக்கு மேல் வெந்தவருக்கு 15 லட்சம்; 25 முதல் 50 வரை 10 லட்சம்; 5 முதல் 25 வரை 5 லட்சம்; லேசான காயத்துக்கு 2 லட்சம். தீக்காயத்தைத் தீக்காயமாகவே பார்த்த அட்டவணை என்பதால் வரவேற்கிறேன். ஆனால் இதையும் பழையதையும் பக்கத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள். மருத்துவக் கணக்கில் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்து உடற்பரப்பில் சுமார் 1 சதவீதம். இரு கைகளும் மணிக்கட்டுவரை முன்னும் பின்னும் வெந்தால் மொத்தம் 5ஐ ஒட்டி வரும். முதுகு முழுதும் வெந்தால் 18. இரண்டும் 5 லட்சத்து வரியில்தான்; அளப்பவர் கொஞ்சம் கை இறுக்கினால் கைகள் வெந்தவள் 2 லட்சத்துக்கு இறங்கிவிடுவாள். அதே கைகள் மடங்கிப் பயனற்றுப்போனால் 1923இன் அட்டவணையில் அவள் 100. வயது 30, மாதச் சம்பளம் 15,000 என்று எடுத்துக்கொண்டால், அதில் 60 சதவீதமான 9,000த்தை அந்த வயதின் காரணி 207.98ஆல் பெருக்க வேண்டும்: 18,71,820 ரூபாய். ஒரு பிரதி உடம்பைப் பரப்பாக வாசிக்கிறது, மற்றது கூலியாக வாசிக்கிறது. வலியாக வாசிக்கும் பிரதி இனிமேல்தான் எழுதப்பட வேண்டும்.

நமது கோட்பாட்டு எழுத்துகளில் அர்த்தத்தின் மயக்கம் விடுதலைக்கு இன்னொரு பெயராகிவிட்டது. ஒற்றை அர்த்தம் அதிகாரம், பன்முக அர்த்தம் எதிர்ப்பு. கவிதைக்கு இருந்துவிட்டுப் போகட்டும். சிவகாசியில் மயக்கம் பெரும்பாலும் பணம் கொடுக்க வேண்டியவர் பக்கமே சாய்கிறது. தீர்ப்பு வரும்வரை காத்திருக்க அவரால் முடியும். வட்டிக்கு வாங்கி ஆஸ்பத்திரிச் செலவு பார்த்தவளால் முடியாது. அர்த்தத்தை ஒத்திப்போடுவது அவளுக்குத் தத்துவமல்ல, வாய்தா.

இறுகிய ஒற்றை வாசிப்பைக் கேட்கிறேன் என்று இதற்கு அர்த்தமில்லை. 1975இல் பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் சீனிவாச சபாதா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு தச்சருக்கு இடது கை முழங்கைக்கு மேலே போய்விட்டது. இது பகுதி ஊனம்தான் என்றது முதலாளி தரப்பு. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே முழு ஊனம் என்று நீதிமன்றம் வாசித்தது. சதவீதத்திலிருந்து கண்ணை எடுத்து உளியைப் பார்த்த வாசிப்பு. 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற சாலை விபத்து வழக்கிலும் இதே தர்க்கம்: ஒரு கையை இழந்த ஓட்டுநரின் நட்டமும் அரசாங்க எழுத்தரின் நட்டமும் ஒன்றல்ல. இந்த வாசிப்பைச் சரம் பின்னுகிற விரலுக்கு நாம் இழுத்துவர வேண்டும். பீஸ் ரேட்டில் கூலி வாங்குபவளின் சுண்டுவிரல், ஏட்டில் கையெழுத்துப் போடுபவரின் சுண்டுவிரலைப் போல 7 சதவீதமாக இருக்க முடியாது.

பலகையில் நிற்பது யார் என்பதிலும் தகராறு உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலைத் தொழிலாளர்கள் அல்லர். புகையைப் பார்த்துக் கைகொடுக்க ஓடியவர்கள். வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த காயம் என்பதே இழப்பீட்டுச் சட்டத்தின் சொல். ஓடிப்போனவர் எந்த வேலையில் இருந்தார்? அரசு நிவாரணம் கருணைக் கணக்கில் வரும், உரிமைக் கணக்கில் வராது. உருண்டு வந்து காலைத் தொட்ட குண்டையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது ஈயப் பொம்மைகளுக்கான விதி.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 1923இன் சட்டத்தை விழுங்கிவிட்டது. விரல்களின் பழைய சதவீதங்கள் அதற்குள் அப்படியே குடியேறியிருக்கின்றன. வெந்த தோலுக்கு இதிலும் தனி வரி கிடையாது.