தீவில் விடப்பட்ட சிறுவனும் திலிங்கிட் முதியவரும்

தந்தையின் பெல்ட்டடிபட்டு வளர்ந்து, அவ்வடியையே பிறர்மீது திருப்பும் 15 வயதுச் சிறுவனைத் தலைவனாகக் கொண்டது, அமெரிக்க எழுத்தாளர் பென் மிக்கேல்சன் 2001இல் வெளியிட்ட 'டச்சிங் ஸ்பிரிட் பேர்' என்னும் நாவல். வீட்டைவிட்டோ விடுதியைவிட்டோ ஓடிப்போன பிள்ளையைத் தேடிப் பேருந்து நிலையங்களில் அலைந்த பெற்றோர் நம் வாசகருள்ளும் இருப்பராதலின், இந்நூலை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

கோல் மாத்யூஸ் ஒரு கடையைச் சூறையாடுகிறான். அதனை வெளிப்படுத்திய பீட்டர் என்னும் மாணவனை மண்டை தரையில் மோத அடிக்கிறான். பீட்டரின் நடையும் பேச்சும் குலைந்துபோகின்றன. இருதரப்பாரும் ஊராரும் வட்டமாய் அமர்ந்து தீர்வு காணும் முறைப்படி, சிறைக்குப் பதிலாக அலாஸ்காவின் ஆளில்லாத் தீவொன்றில் ஓராண்டு தனித்திருக்க அனுப்பப்படுகிறான். போனவுடன் தனக்கெனக் கட்டிய குடிசையைக் கொளுத்துகிறான். நீந்தித் தப்ப முயன்று தோற்கிறான். வெண்கரடியொன்றைக் கொல்லப்போய்க் குதறப்படுகிறான். மாதங்கள் கழிந்து மீண்டும் அத்தீவுக்கு வருகையில் அவனுக்கு வழிகாட்டுபவர் எட்வின் என்னும் திலிங்கிட் பழங்குடி முதியவர்.

எட்வின் வரும் பகுதியே நூலின் உயிர். விடியலில், எலும்பை உறையவைக்கும் குளத்துநீரில் சிறுவனைத் தம்மோடு அமர்த்துகிறார். கனத்த கல்லொன்றைக் குன்றின்மேல் சுமக்கச் செய்து, உச்சியிலிருந்து உருட்டிவிடச் சொல்கிறார். ஏறும்போது அது முன்னோர், உருளும்போது அது சினம். அறபியில் இலக்கியத்தைக் குறிக்கும் 'அதப்' என்னும் சொல்லே நன்னடத்தையையும் குறிக்கும். அதன் கிளையான 'தஃதீப்' என்பதற்குப் பண்படுத்தல், தண்டித்தல் என இரு பொருளும் உண்டு. நம் உஸ்தாதுமாருள் சிலர் பின்னதை மட்டும் மனனம் செய்துவிட்டனர்! பிரம்பெடுப்பவர் தாமும் அக்குளத்தில் இறங்கச் சித்தமா என்பதே எட்வினைப் படிக்கையில் நமக்கெழும் கேள்வி.

எனினும் நூலாசிரியரை இவ்வளவில் விட்டுவிட இயலாது. எட்வினின் வீடு, அவருடைய மக்கள், அவர் குலத்தின் துயர் பற்றி நூல் காட்டுவது சொற்பமே. ஒரு வெள்ளைச் சிறுவனின் நோய்க்கு மருந்தாகவே அம்முதியவர் வந்துபோகிறார். 'அட்-ஊ' என்று சொல்லி ஒரு போர்வையைச் சிறுவன் கையில் கொடுக்கும் இடமும் நெருடுகிறது. திலிங்கிட் மக்களிடம் அட்-ஊ என்பது குலம் முழுமைக்கும் உரிய பொருள். ஏறத்தாழ நம் வக்ஃபு போன்றது. தனியொருவர் தம் விருப்பம்போல் எடுத்து வழங்கத்தக்கதன்று. அமெரிக்கப் பழங்குடி விமர்சகர்களும் இந்நூலின் திலிங்கிட் சித்திரத்தைக் கண்டித்துள்ளனர்.

உண்மை நிகழ்ச்சியோ வேறு விதமானது. 1993இல் வாஷிங்டன் மாநிலத்து எவரெட் நகரில், பீட்சா கொண்டுவந்த ஒருவரை மட்டையால் அடித்துக் கொள்ளையிட்டவர்கள் திலிங்கிட் இளைஞர் இருவரே. 1994இல் அவர்கள் அலாஸ்காவின் தனித்தனித் தீவுகளுக்கு அனுப்பப்பட்டனர். அனுப்பிய குலநீதிமன்றத்தின் தகுதியே சர்ச்சைக்குள்ளாயிற்று. 1995இல் இருவரும் சிறை புகுந்தனர். நாவலிலோ தவறுபவன் வெள்ளையன், முடிவு மங்கலம். அடிபட்டவரின் உடல் என்னவாயிற்று என்பதைப் பீட்டரின் வழியே கடைசிவரை மறவாமல் வைத்திருப்பதொன்றே நாவலை மலிவுச் சரக்காகாமல் காக்கிறது.

பழங்குடி முதியோர் என்றாலே சோதனை வைத்துப் பக்குவப்படுத்துவோர் என்று கொள்வதும் பொருந்தாது. தொப்பம்பட்டிக்குத் தெற்கே எழும் பழனி மலையில் பளியர் வாழ்கின்றனர். 1962 முதல் 1964 வரை பளியரை ஆய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்டனர், ஒருவர்மீது ஒருவர் அதிகாரம் செலுத்துவதையே அவர்கள் தரக்குறைவாகக் கருதுவதை எழுதியுள்ளார். பிள்ளைகளுக்கும் அம்மதிப்பு உண்டு. சச்சரவு எழுந்தால் எதிர்த்தடிப்பதில்லை, விலகிப் போய்விடுவதே அங்கு வழக்கம். கோல் அவர்களிடையே பிறந்திருப்பின், பெல்ட் உயர்ந்த அன்றே வேறொரு குடிசைக்குப் போயிருப்பான். அவனை ஓடுகாலி என எவரும் ஏசியிரார்.

ஆங்கிலம் பயின்ற பிள்ளைகளைவிட அவர்தம் தந்தையரே இந்நூலை முதலில் படிக்க வேண்டுமென்பது நம் விருப்பம். கரடி குதறும் அத்தியாயங்களில் குருதியும் பசியும் மிகுதி. 12 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் கையில் இதனைக் கொடுக்கத் தயங்குகிறோம்.