செவிக்குரிய கதை: இளைஞர் ஆக்கும் வானொலிக் கதைகள் குறித்து ஒரு திறனாய்வு

அச்சில் வரும் கதை கண்ணுக்குரியது. வானொலிக் கதையோ செவிக்குரியது. இவ்வேறுபாடு எளிதாகத் தோன்றினும், வானொலிக்கென எழுதும் இளைஞர் பலர் இதனை மறந்துவிடுகின்றனர். சென்னையில் இளைஞர் ஆக்கும் வானொலிக் கதைகளின் பின்னணியையும், அவற்றின் ஆற்றலையும் குறைகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்னைக்கு வானொலி புதியதன்று. 1924ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. 1938 சூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. 1969இல் தில்லியில் தோன்றிய 'யுவவாணி', இளைஞரையே நிகழ்ச்சி ஆக்குவோராகக் கொண்ட முயற்சி. பின்னர் அது பிற நிலையங்களுக்கும் பரவிற்று. ஆயினும் ஒலிவாங்கி எவர் கையில் இருக்கவேண்டும் என்பதை அரசே முடிவுசெய்தது. வான்அலைகள் பொதுமக்களின் சொத்து என 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே இந்நிலை மாறலாயிற்று. 2004 பிப்ரவரி 1இல் கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்தில், நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி ஒலிக்கத் தொடங்கியது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் இவ்வுரிமை கிட்டியது.

உரிமையோடு ஒரு தடையும் வந்தது. சமுதாய வானொலி அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றமின்றி மறுஒலிபரப்பலாமேயன்றி, தானே செய்தி தயாரித்து வழங்கலாகாது. இதன் பொருள் யாது? 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு, கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்தது. பின்னர் கரையோரக் குடும்பங்கள் பல, தொலைவிலுள்ள பெரும்பாக்கத்திற்குக் குடியேற்றப்பட்டன. பிழைப்பு பழைய இடத்தில். வீடு புதிய இடத்தில். இதனைத் தன் சொந்தச் செய்தியாகக் கூறச் சமுதாய வானொலிக்கு இடமில்லை. ஆனால், விடியுமுன் எழுந்து பேருந்துக்குக் காத்துநிற்கும் ஒரு தாயின் கதையாக அதனைக் கூறலாம். ஆகவே, கதை இங்கு வெறும் பொழுதுபோக்கன்று. செய்திக்கு அடைபட்ட வாயிலில் மக்கள் வாழ்வு நுழையும் வழி அது.

இவ்வழியை நம் இளைஞர் எவ்வாறு பயன்படுத்துகின்றனர்? இங்கேதான் குறைகளைச் சுட்டவேண்டியுள்ளது. முதலாவது, கதை அறிவிப்பாக மாறிவிடுகின்றது. குடிநீர் பற்றிய கதையெனில், அறியாத ஒருவர் நீரை வீணாக்குவார், அறிந்த ஒருவர் அறிவுரை கூறுவார், முன்னவர் திருந்துவார். எட்டு நிமிடத்தில் எவரும் அப்படித் திருந்துவதில்லை. குழாயில் நீர் வராத தெருவைப் பற்றி அக்கதை வாய்திறப்பதுமில்லை. பிரசங்க பீடத்தில் நிற்கும் நமக்கும் இக்குறை அந்நியமன்று. முடிவை முன்னரே தீர்மானித்துவிட்டுக் கதையைத் தேடுவோர் நாம்.

இரண்டாவது, மொழி. கதையில் வரும் ஆசிரியரும் மருத்துவரும் திருத்தமான தமிழ் பேசுகின்றனர். வீட்டுவேலை செய்பவரும் ஆட்டோ ஓட்டுநரும் சென்னைத் தமிழ் பேசுகின்றனர், அதுவும் நகைப்புக்காக. ஒரு மக்களின் பேச்சு சிரிப்பூட்டும் கருவியாகும்போது, அவர்தம் துயரும் எளிதில் சிரிப்பாகிவிடும். கரையோரக் குடியிருப்பில் பிறந்த இளைஞரும் ஒலிவாங்கியின் முன் தம் தாயின் மொழியை மறைத்துக்கொள்வது வருந்தத்தக்கது.

மூன்றாவது, ஒலியின்மீது நம்பிக்கையின்மை. தியாகராய நகர்க் கடைகளில் நாள்முழுதும் நின்று பணிபுரிவோரை எண்ணுக. அவர்கள் அமர இருக்கை வழங்கவேண்டுமெனத் தமிழக அரசு 2021இல் சட்டம் இயற்றியது. இதனைக் கதையாக்கும் இளைஞர் சட்டத்தை விளக்க ஒரு பாத்திரத்தைப் படைப்பர். அது வேண்டுவதில்லை. புடவை மடிப்பு விரியும் ஓசை, ஓயாத வாடிக்கையாளர் குரல், இரவில் கடைக்கதவு இறங்கும் ஒலி, அதன்பின் ஒரு நாற்காலி நகரும் ஓசை, ஒரு பெருமூச்சு. இவை போதும். எஞ்சியதைக் கேட்பவர் உள்ளமே நிரப்பிக்கொள்ளும். மௌனத்தையும் பேசவைக்கக்கூடியது வானொலி.

இக்குறைகளுக்கு இளைஞரை மட்டும் பழிப்பது முறையன்று. சிறந்த கதைக்குப் பரிசளிக்கும் பெரியோர், கருத்து எத்துணைத் தெளிவாகக் கூறப்பட்டது என்பதையே அளக்கின்றனர். கேட்டறிந்தது எவ்வளவு, யாரிடம் கேட்டனர் என வினவுவதில்லை. சமுதாய வானொலியின் நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியேனும் உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் ஆக்கப்படவேண்டும் என 2006ஆம் ஆண்டின் நெறிமுறை கூறிற்று. பங்கேற்பு என்பது குரலை இரவல் வாங்குவதன்று. எவரைப் பற்றிக் கதை சொல்லப்படுகின்றதோ, அவர் அதனை ஒலிபரப்புக்கு முன் கேட்கவும், "இது இப்படியன்று" எனத் திருத்தவும் வேண்டும்.

இன்று கைப்பேசியே ஒலிப்பதிவுக் கருவி. நம் திருச்சபைகளின் வாலிபர் குழுக்களும் கதைகளைப் பதிவுசெய்ய முன்வரலாம். ஆயின் பேசுமுன் கேட்கப் பழகுக. மயிலாப்பூர்க் குளக்கரையில் பூக்கட்டும் மூதாட்டியிடம் ஒரு மாலைப்பொழுது அமர்ந்திருந்தவன் எழுதும் கதையும், அவரைக் கடந்துசென்றவன் எழுதும் கதையும் ஒன்றாயிரா. அவ்வேறுபாட்டைக் கேட்பவர் செவி முதல் வரியிலேயே அறிந்துவிடும்.