பாடாணும் வாயுறையும்: பெருமருத்துவ நிறுவனங்களின் முதன்மை இதழ்கள் – ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழில் இதழியல் ஆய்வுகள் பெரும்பாலும் நாளிதழ், இலக்கிய இதழ், சிற்றிதழ் ஆகியவற்றையே தம் களமாகக் கொண்டுள்ளன. நிறுவனங்கள் தம் பொருட்செலவில் தம்மைப் பற்றி வெளியிடும் இதழ்களை விளம்பரம் என ஒதுக்கிவிடும் போக்கே மிகுதி. ஆயினும், புரவலனின் பொருளைப் பெற்றுப் புரவலனைப் பாடிய பாடல்களைத் தன் இலக்கிய மரபின் தலையாய பகுதியாகப் போற்றும் மொழி தமிழ். அம்மரபைப் பயின்றோர் நிறுவன இதழை முழுவதும் புறந்தள்ளுதல் பொருந்தாது. புகழ்ச்சி எப்பொழுது இலக்கியமாகிறது, எப்பொழுது வெற்றுரையாகிறது என்னும் வினா நமக்குப் புதியதன்று.

மருத்துவக் கல்லூரி, மருத்துவமனைகள், ஆய்வுக்கூடங்கள் ஆகிய மூன்றும் ஒரே குடையின்கீழ் இயங்கும் பெருநிறுவனங்கள் அமெரிக்காவில் பல உள்ளன. அவை தத்தமக்கென ஒரு முதன்மை இதழை நடத்துகின்றன. இத்தகைய இதழை உருவாக்குவோர் எதிர்கொள்ளும் அடிப்படைச் சிக்கல் யாது, அதை எழுத்தின்வழி ஓரளவேனும் வென்ற இதழ்கள் எவை என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் உறுப்புகளுள் கூற்று, கேட்போர், காலம், எச்சம் ஆகியவையும், புறத்திணையியல் கூறும் பாடாண் துறைகளும் இவ்வாய்வுக்குக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன.

முதன்மை இதழின் அமைப்பு

முதன்மை இதழ் ஆய்விதழினின்றும் வேறானது. ஆய்விதழ் துறை வல்லுநர்க்கு உரியது; வல்லுநரின் மதிப்பீட்டுக்குப் பின்னரே அதில் கட்டுரை இடம்பெறும். முதன்மை இதழோ முன்னாள் மாணவர், கொடையாளர், பணியாளர், நோயாளர், பொதுமக்கள் எனப் பலதிறத்தாரையும் ஒருங்கே நோக்கிப் பேசுவது. முதல்வரின் மடல், ஆய்வுச் செய்திகள், அட்டைப்படக் கட்டுரை, நலம்பெற்ற நோயாளரின் கதை, கொடையாளர் அறிமுகம், முன்னாள் மாணவர் செய்தி, இரங்கற் குறிப்பு என்பது பொதுவாகக் காணப்படும் வரிசை. நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அலுவலகமே பெரும்பாலும் இதன் பதிப்பகமாக இருக்கும்.

இவ்வமைப்பைக் காணும் தமிழ் மாணவர்க்குப் பாடாண் திணை நினைவுக்கு வருதல் இயல்பு. ஆளுமையும் கொடையும் பாடப்படுகின்றன. பாடுவோர் பாடப்படுவோரிடமிருந்தே ஊதியம் பெறுகின்றனர். ஆனால் தொல்காப்பியர் பாடாணை வெறும் புகழ்ச்சியோடு நிறுத்தவில்லை. செவியறிவுறூஉ, வாயுறை வாழ்த்து ஆகியவற்றையும் அதன்பால் வைத்தார். வேம்பும் கடுவும் போல முதலில் கசப்பினும் பின்னர்ப் பெரும்பயன் தரும் சொல்லே வாயுறை வாழ்த்து என்பது அவர் தரும் விளக்கத்தின் கருத்து. புகழும் வாயே கசப்பையும் ஊட்டலாம் என்பது மரபு. அவ்விலக்கணத்திற்கு உவமை மருந்தின் பக்கமிருந்தே வந்திருத்தல் ஈண்டுக் கருதத்தக்கது. வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனைப் பாடிய புறநானூற்றுப் பாடல் (35) செவியறிவுறூஉத் துறையைச் சார்ந்தது. அப்பாடலால் அவர் பழஞ்செய்க்கடன் வீடுகொண்டார் என அதன் அடிக்குறிப்பு உரைக்கிறது. புலவரின் தகுதி அவர் புகழ்ந்ததால் மட்டும் அமையவில்லை. அரசன் கேட்க விரும்பாததை அவன் அவையிலேயே கூறியதாலும் அமைந்தது.

கூற்று: நான்கனுள் இருவர்

மருத்துவம் என்பது நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என நான்கு கூறுகளை உடையது என்று வள்ளுவர் வகுத்தார் (950). முதன்மை இதழ்களை இப்பகுப்பின்வழி நோக்கின் ஒரு குறை உடனே புலனாகும். மருத்துவரும் மருந்தும் பக்கங்களை நிறைக்க, நோயுற்றோர் சான்றாக மட்டுமே தோன்றுகின்றனர். அவர் படம் இருக்கும். அவர் கூறியதாக இரண்டு தொடர்கள் மேற்கோட் குறிக்குள் இருக்கும். கதையைக் கூறுபவர் அவரல்லர். பேணுவோனாகிய செவிலியரும் உறவினரும் அதனினும் அருகியே காணப்படுகின்றனர்.

இதற்கு மனப்போக்கு மட்டுமன்றி நடைமுறையும் காரணமாகும். அமெரிக்காவில் 1996இல் இயற்றப்பட்ட ஹிப்பா சட்டமும் அதன்வழி எழுந்த விதிகளும் நோயாளரின் மருத்துவச் செய்தியை அவர் ஒப்புதலின்றி விளம்பர நோக்கில் வெளியிடுவதைத் தடுக்கின்றன. இது வேண்டிய காப்பே. ஆயினும் ஒப்புதல் கேட்கப்படுவோர் யாவர் என்பதை நிறுவனமே தெரிவு செய்கிறது. நலம்பெற்றவர், நன்றி உடையவர் ஆகியோரிடமே கேட்க மனம் செல்லும். நலம்பெறாது சென்றவரும் மனக்குறையோடு சென்றவரும் இதழின் எச்சமாகி விடுகின்றனர். செய்யுளில் எச்சம் என்பது கேட்போர் தாமே உய்த்துணர வேண்டி விடப்படுவது; இங்கோ கேட்போர் உணராதிருக்க வேண்டி விடப்படுகிறது.

காலம்: கலாநிதியின் கட்டுரை

இப்பொதுநிலைக்கு விலக்காக அமைந்தது 'ஸ்டான்ஃபோர்டு மெடிசின்' இதழின் 2015ஆம் ஆண்டு வசந்தகால வெளியீட்டில் வந்த ஒரு கட்டுரை. எழுதியவர் பால் கலாநிதி. பெயரே தமிழ்த் தொடர்பை உணர்த்தும். இந்தியாவிலிருந்து குடியேறிய பெற்றோர்க்குப் பிறந்த இவர் ஆங்கில இலக்கியத்தில் பட்டங்கள் பெற்றபின் மருத்துவம் பயின்று, ஸ்டான்ஃபோர்டில் நரம்பியல் அறுவை மருத்துவராகப் பயிற்சி பெற்றவர். 2013இல் நுரையீரல் புற்றுநோய்க்கு ஆளானார். 2015 மார்ச்சு 9ஆம் நாள் தம் 37ஆம் அகவையில் மறைந்தார். 'போகுமுன்' எனப் பொருள்படும் தலைப்புடைய அக்கட்டுரை, அவர் மறைவுக்குப் பின் 2016இல் வெளிவந்து உலகெங்கும் பயிலப்பட்ட நூலுக்கு முன்னோடியாயிற்று.

இக்கட்டுரையின் பொருள் காலம். பயிற்சிக் காலத்தில் நாள்கள் நீண்டும் ஆண்டுகள் குறுகியும் தோன்றுவது, அறுவைக் கூடத்தில் நேரம் விரைவதும் தேங்குவதும், நோயுற்றபின் எதிர்காலம் என்பது ஏறிச்செல்லும் படியாக இல்லாது போவது என அது படிப்படியாக விரிகிறது. இறுதியில் பிறந்து சில மாதங்களே ஆன தம் மகளை நோக்கிய மொழியாக அது முடிகிறது. இதன் நடுவே வினைச்சொல்லின் காலம் குழம்பிவிட்டதை அவர் சுட்டுகிறார். தாம் அறுவை மருத்துவராக இருக்கிறாரா, இருந்தாரா, மீண்டும் இருப்பாரா என்பதில் எதைச் சொல்வது சரி என்று அவரால் துணிய இயலவில்லை.

தமிழ் இலக்கணம் பயின்றோர் இவ்விடத்தில் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். 'நான் மருத்துவன்' என்னும் தமிழ்த் தொடர் பெயர்ப்பயனிலை கொண்டது. காலங்காட்டும் இடைநிலை அதில் இல்லை. ஆங்கிலத்திலோ அத்தொடர் ஒரு வினையின்றி முற்றுப்பெறாது. அவ்வினை காலத்தைக் காட்டியே தீரும். ஆகவே நோய் அவரைத் தாக்கியது உடலில் மட்டுமன்று. தம்மைத் தாமே கூறிக்கொள்ளும் எளிய தொடரிலும் தாக்கியது. இலக்கியம் பயின்ற மருத்துவருக்கே இது புலப்பட்டிருக்கும். தீர்ப்பான் உற்றவனாகும்போது கூற்று மாறுகிறது. கூற்று மாறவே காலமும் மாறுகிறது. நிறுவன இதழ் ஒன்றில் குணமடைந்த கதைக்கு மாறாகக் குணமடையாதவரின் கதை, அவர்தம் சொல்லாலேயே, வந்தது என்பதே இதன் சிறப்பு.

எனினும் இதன் எல்லையையும் கூறுதல் திறனாய்வின் கடன். கலாநிதி அந்நிறுவனத்தின் மருத்துவர். இதழின் வாயில் அவர்க்கு ஏற்கெனவே திறந்திருந்தது. அதே நோயோடு அடுத்த படுக்கையில் கிடந்த கூலித் தொழிலாளிக்கு அவ்வாயில் திறந்திருக்குமா என்பது விடையிறுக்கப்படாத வினாவாகவே நிற்கிறது.

எச்சம்: ஹென்ரியட்டா லாக்ஸ்

அவ்வினாவிற்கு மறுபுறத்திலிருந்து ஒளி தருவது பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நிறுவனத்தைச் சார்ந்த நிகழ்வு. ஹென்ரியட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி 1951இல் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக அங்குச் சேர்ந்தார். அவர்க்கு அறிவிக்காமலும் ஒப்புதல் பெறாமலும் அவர்தம் கட்டியிலிருந்து திசு எடுக்கப்பட்டது. அத்திசுவின் உயிரணுக்கள் ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து பெருகி, 'ஹீலா' என்னும் பெயரில் போலியோ தடுப்பு மருந்து முதலிய எண்ணற்ற ஆய்வுகளுக்குப் பயன்பட்டன. அவ்வாண்டு அக்டோபர் 4ஆம் நாள் தம் 31ஆம் அகவையில் அவர் இறந்தார். உயிரணுக்கள் வாழ்ந்திருப்பதை அவர் குடும்பத்தார் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அறிந்திலர்.

இவ்வரலாற்றைப் பின்னர் 2010இல் புகழ்பெற்ற நூலாக எழுதிய ரெபெக்கா ஸ்க்ளூட், அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, 2000 ஏப்ரலில், அப்பெண்மணியைப் பற்றிய கட்டுரை ஒன்றை 'ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மேகசின்' இதழில் வெளியிட்டார். அது மருத்துவமனையின் இதழன்று. அதனோடு பிறந்த பல்கலைக்கழகத்தின் இதழ். ஆயினும் நிறுவனப் பெயரைத் தலைப்பிலேயே தாங்கிய இதழில், அந்நிறுவனத்திற்கு உவப்பளிக்காத வரலாறு இடம்பெற்றது என்பது மறுக்கவியலாதது. வாயுறை வாழ்த்துக்கு இக்காலத்தில் எடுத்துக்காட்டு வேண்டுவோர் இதனைக் காட்டலாம். அதன் பயனும் வழிநனி பயந்தது எனலாம். 2010 முதல் அந்நிறுவனம் அவர் பெயரில் ஆண்டுதோறும் சொற்பொழிவு நடத்தி வருகிறது. 2018இல் ஒரு கட்டடத்திற்கு அவர் பெயர் சூட்டப்படும் என அறிவித்தது. இவையெல்லாம் அக்கட்டுரை ஒன்றினாலேயே விளைந்தன என்று கூற வரவில்லை. கசப்பைத் தன் பக்கத்தில் ஏற்ற நிறுவனம் அதனால் சிறுமையுறவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

இங்கும் ஓர் எல்லை உண்டு. நோயுற்றவர் இறந்து 48 ஆண்டுகள் கழிந்த பின்னரே இக்கூற்று நிகழ்ந்தது. அதுவும் பிறர் கூற்றாகவே நிகழ்ந்தது.

களன்: பெல்வியூவின் வழி

மூன்றாவது வழியைக் காட்டியது நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனை. 1736இல் தொடங்கிய வரலாற்றை உடைய இம்மருத்துவமனை ஏழையர்க்கும் குடியேறியோர்க்கும் புகலிடமாக அறியப்பட்டது. இதனோடு இணைந்த நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியிலிருந்து 2001இல் 'பெல்வியூ லிட்டரரி ரிவ்யூ' வெளிவரத் தொடங்கியது. மருத்துவரும் எழுத்தாளருமான டேனியல் ஆஃப்ரி இதன் முதன்மை ஆசிரியர். கதை, கவிதை, கட்டுரை ஆகியவற்றின்வழி உடல், நோய், நலம் ஆகியவற்றை நோக்குவது இதன் நெறி. மருத்துவர், நோயாளர், எழுத்தாளர் எவரும் எழுதலாம். தெரிவுக்கு அளவுகோல் எழுத்தின் தரமே. செலஸ்ட் இங் எழுதி இவ்விதழில் வந்த சிறுகதை புஷ்கார்ட் பரிசு பெற்றது என்பது அளவுகோல் தளரவில்லை என்பதற்குச் சான்று.

இவ்விதழ் கூற்றை நால்வர்க்கும் திறந்தது. ஆனால் அதன்பொருட்டு ஒரு விலையும் தந்தது. நிறுவனத்தைப் பற்றிப் பேசுவது அதன் பணியாக அமையவில்லை. புகழ்ச்சியை விட்டபோதே அறிவுறுத்தலையும் விட்டது. 2020இல் பல்கலைக்கழகத்தினின்றும் பிரிந்து தனித்தியங்கும் அமைப்பாயிற்று. இலக்கியமாக அது வென்றது. முதன்மை இதழின் சிக்கலை அது தீர்க்கவில்லை, கடந்து சென்றது என்பதே பொருந்தும்.

கேட்போர்: இந்தியச் சூழல்

மேற்கண்ட மூன்று இதழ்களுக்கும் மொழி ஒரு வினாவாக எழவில்லை. இந்தியாவில் அதுவே முதல் வினா. புதுதில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகம் 1988 முதல் வெளியிட்டுவரும் 'நேஷனல் மெடிக்கல் ஜர்னல் ஆஃப் இந்தியா' ஆங்கிலத்தில் அமைந்த ஆய்விதழ். அதன் கேட்போர் மருத்துவரே. அக்கழகத்தின் வாயிலில் பல மாநிலத்தாரும் பல மொழியாரும் காத்திருக்கின்றனர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குத் தமிழரேயன்றி வங்காளத்தினின்றும் வடகிழக்கினின்றும் நோயாளர் பெருந்தொகையாக வருகின்றனர். இத்தகைய நிறுவனம் முதன்மை இதழ் ஒன்றைக் காண விழையின், எம்மொழியில் என்னும் வினாவும் யாருக்கு என்னும் வினாவும் ஒன்றேயாகும். ஆங்கிலத்தில் மட்டும் அமையும் இதழ் கொடையாளரை அடையும். படுக்கையருகே விழித்திருப்பவரை அடையாது. மொழித்துறைகளும் மருத்துவ நிறுவனங்களும் இணைந்து பணியாற்ற வேண்டிய இடம் இதுவே.

முடிவுரை

நிறுவனத்தின் பொருளில் நடக்கும் இதழ் நிறுவனத்தைப் புகழ்தல் கடமை என்பர் சிலர். அதனை இக்கட்டுரை மறுக்கவில்லை. பாடாணின் இலக்கணத்தை முழுமையாகக் கொள்ளுமாறே வேண்டுகிறது. கலாநிதியின் கட்டுரையில் உற்றவன் கூற்றும், லாக்ஸ் பற்றிய கட்டுரையில் வாயுறையும், பெல்வியூ இதழில் திறந்த களனும் கிடைத்தன. மூன்றும் ஓரிதழில் ஒருங்கே அமைந்ததை இங்கு ஆராய்ந்தவற்றுள் காண இயலவில்லை. புதிதாக இதழ் தொடங்குவோர் தாளையும் படத்தையும் வடிவமைப்பையும் முடிவு செய்யுமுன், தம் நிறுவனத்தில் நலம்பெறாது போன ஒருவரின் கதையைத் தம் பக்கத்தில் ஏற்க நிறுவனத் தலைமை ஒப்புமா என்பதைக் கேட்டறிதல் வேண்டும். விடை 'ஆம்' எனின் ஏனைய பக்கங்களின் புகழ்ச்சியும் நம்பத்தக்கதாகும்.

வள்ளுவர் கூறிய நால்வருள் உழைச்செல்வோன் மூன்று இடத்தும் போதிய கூற்றுப் பெறவில்லை. இரவுப்பணிச் செவிலியரும், நோயாளரின் கட்டிலுக்கடியில் பாய் விரித்துக் கிடக்கும் உறவினரும் ஒரு மருத்துவமனையைப் பற்றி அறிந்திருப்பதை அதன் முதல்வர் அறிந்திருத்தல் அரிது. அவர்தம் கூற்றைத் தேடித் தொகுத்து ஆராய்தல் அடுத்து வரும் ஆய்வாளர்க்கு உரிய பணியாகும்.