இரு தேசத்துக் குரல்

வானொலிப் பேச்சாளர்களைப் பற்றி ஆராயப் புகுவோர் பெரும்பாலும் குரலின் இனிமை, உச்சரிப்பின் திருத்தம் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறார்கள். பிறந்த மண்ணை விட்டு வேறொரு தேசத்தில் குடியேறிய ஒலிபரப்பாளருக்கோ இவற்றினும் மேலான மூலதனம் ஒன்று உண்டு என்பது என் அபிப்பிராயம்: உள்ளூர்வாசிகள் பார்த்துப் பார்த்துப் பழகி மறந்துவிட்ட அற்ப விஷயங்கள் அவர் கண்ணில் படும், அவற்றைப் பிறந்த ஊரில் இருப்பவர்களுக்கு எப்படிச் சொன்னால் விளங்கும் என்பதும் அவருக்குத் தெரியும். அலிஸ்டர் குக்கைக் காட்டிலும் இதற்குப் பூரணமான உதாரணம் எனக்குத் தென்படவில்லை.

1908-ல் இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் பிறந்து, பெற்றோர் இட்ட ஆல்ஃபிரெட் என்ற பெயரைக் கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில் தாமே அலிஸ்டர் என்று மாற்றிக்கொண்ட இவர், உபகாரச் சம்பளம் பெற்று 1932-ல் அமெரிக்கா சென்று யேலிலும் ஹார்வர்டிலும் பயின்று திரும்பியபின், பிபிசியில் சினிமா விமர்சகராக அமர்ந்தார். அப்போதே லண்டனிலிருந்து அமெரிக்க என்பிசி நேயர்களுக்கு இங்கிலாந்தின் நடப்புகளை எடுத்துரைத்தும் வந்தார். 1937-ல் அமெரிக்காவில் குடியேறி, 1941-ல் அந்நாட்டுப் பிரஜையுமானபின், அதே காரியத்தைத் திசை மாற்றிச் செய்யலானார்.

1946 மார்ச்சில் பிபிசியில் பதின்மூன்று வாரங்களுக்கென்று தொடங்கிய அவருடைய வாராந்தரப் பேச்சு, 1950-ல் 'அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம்' என்ற பொருள்படும் பெயரைப் பெற்று, 2004 வரை 2,869 முறை ஒலித்தது. ஒவ்வொரு சொல்லையும் தட்டெழுத்தில் வடித்துக்கொண்டே ஒலிவாங்கியின் முன் அமர்ந்தார். ஆயினும் கேட்பவருக்கு அது படிப்பதாகத் தோன்றாமல், சாய்வு நாற்காலியில் இருந்தபடி யாரோ நிதானமாகக் கதைப்பதுபோலவே பட்டது. உரைநடையைக் காதுக்காகவே இயற்றும் இந்த வித்தை, மேடைப் பிரசங்கத்துக்கும் பத்திரிகைக் கட்டுரைக்கும் ஒருங்கே அந்நியமானது. வெர்மான்ட்டின் இலையுதிர்காலம், கோல்ஃப் ஆட்டம் என்று எங்கேயோ புறப்பட்டு வாஷிங்டன் அரசியலில் வந்து இறங்குவதில் அவருக்கு இணையில்லை. 1968 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஹோட்டலில் ராபர்ட் கென்னடி சுடப்பட்ட இரவில் தற்செயலாக அங்கிருந்த அவர், சமையலறையை ஒட்டிய அந்த இடத்தில் கண்டதைக் கண்டவாறே விவரித்தார். ஆனால் அந்தக் கொலைக்குத் தேசமே குற்றவாளி என்ற வாதத்தை ஏற்க மறுத்துவிட்டார்.

குக்கின் வாராந்தரப் பேச்சு தொடங்கிய காலத்தை ஒட்டி, அதே பிபிசியில், நமக்கு நெருக்கமான மற்றொருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துச் சோ. சிவபாதசுந்தரம் இலங்கை வானொலியிலிருந்து லண்டன் சென்று, அங்குள்ள தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்ற பெயரைச் சூட்டியவர், பின்னர் சென்னைவாசியானவர். அவர் 'ஒலிபரப்புக் கலை' என்று ஒரு நூலே எழுதி, கைத்தொழிலின் சூட்சுமங்களை அடுத்த தலைமுறைக்கு வைத்துவிட்டுப் போனது பெரிய காரியம். குக்கைக் கொண்டாடும் நாம் இவரை மறந்திருப்பது என்ன நியாயமோ!

தொலைக்காட்சி வந்தபின் குக்கின் தொழில் மீண்டும் திசை திரும்பிக்கொண்டது. 1971 முதல் 1992 வரை, 'மாஸ்டர்பீஸ் தியேட்டர்' என்னும் வரிசையில் ஆங்கில நாடகங்களை அமெரிக்கர்களுக்கு அறிமுகம் செய்யும் தொகுப்பாளராக அமர்ந்து, இங்கிலாந்தை அமெரிக்காவுக்கு விளக்கினார். இடையில் 1973-ல் பிரித்தானிய அரசி அவருக்குக் கௌரவ நைட் பட்டம் வழங்கினார். ஆனால் அமெரிக்கப் பிரஜையாகிவிட்டபடியால், பெயருக்கு முன் 'சர்' என்று போட்டுக்கொள்ள அவரால் முடியவில்லை.